அப்பாவின் இறுதிச் செலவு யார் தலையில்?

கேள்வி: எங்கள் ஊர் ராஜபாளையம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, இரண்டு மாதங்களுக்கு முன் தனியார் மருத்துவமனையில் 12 நாள் ஐ.சி.யூ.வில் இருந்து காலமானார். அம்மா இருக்கிறார். அண்ணன், அக்கா, நான் என மூன்று பிள்ளைகள். உயில் இல்லை. அப்பா சம்பாதித்து வாங்கிய வீடும், வங்கியில் 6 லட்சம் ரூபாய் டெபாசிட்டும் இருக்கின்றன. டெபாசிட்டுக்கு அண்ணன்தான் நாமினி. கருமாதி முடிந்ததும் 3,40,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதி, மூன்றாகப் பிரித்து, அக்காவும் நானும் ஆளுக்கு 1,13,000-க்கு மேல் தர வேண்டும் என்கிறார். தராவிட்டால் வீட்டில் பங்கு கிடையாதாம். சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்கிறார். மொய்யாக வந்த 85,000 பற்றிப் பேச்சே இல்லை. மருத்துவமனையில் இன்னும் 74,000 பாக்கி. அப்பாவைச் சேர்க்கும்போது என் கணவர் கையெழுத்துப் போட்டதால் அவரைத்தான் கேட்கிறார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த பணிப்பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் 36,000 நிற்கிறது. புரோநோட்டுக் கடன் ஒன்றும் உண்டு, வட்டியோடு 2,18,000. சட்டப்படி நாங்கள் என்ன தர வேண்டும்?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கைக்காசிலிருந்து அண்ணனுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அதே சமயம், அண்ணன் நியாயமாகச் செலவழித்த பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. அந்தப் பணம் வர வேண்டிய இடம் அப்பா விட்டுச் சென்ற சொத்து.

பெற்றோரின் இறுதிச் சடங்குக்குப் பிள்ளைகள் சொந்தப் பணத்தில் செலவு செய்தாக வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் பற்றிப் பேசுகிறது. சடங்குச் செலவு அதில் வராது. இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 1956-இலும் அப்படித்தான். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 மட்டும் இதை நேரடியாகத் தொடுகிறது. இறந்தவர் போதிய சொத்து விட்டுச் சென்றிருந்தால், அவருடைய நிலைக்குத் தக்கபடி சடங்குக்குப் பணம் ஏற்பாடு செய்வது உயிலை நிறைவேற்றுபவரின் கடமை என்கிறது 316-ஆவது பிரிவு. நியாயமான இறுதிச் சடங்குச் செலவையும், மரணப் படுக்கையில் ஆன மருத்துவச் செலவையும் மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்னால் சொத்திலிருந்து தீர்க்க வேண்டும் என்கிறது 320-ஆவது பிரிவு. அடுத்து நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் செல்லும் என்ற சான்று) அல்லது நிர்வாகப் பத்திரம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அனுமதி) வாங்கும் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த கூலியாள், வீட்டு வேலையாள் ஆகியோரின் சம்பளப் பாக்கி. பிறகுதான் மற்றக் கடன்கள். எல்லாம் போக மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. உயில் இல்லாத உங்கள் வீட்டிலும் கணக்குப் பார்க்க இந்த வரிசையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மூன்றாகப் பிரித்ததிலேயே ஒரு பிழை இருக்கிறது. அம்மாவை விட்டுவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 8-ஆவது பிரிவின்படி அப்பாவின் சுய சம்பாத்தியச் சொத்துக்கு மனைவி, மகன், மகள்கள் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆக, வீட்டிலும் பணத்திலும் நான்கு சம பங்கு. (அப்பாவின் தாயார், அதாவது உங்கள் பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, நீங்கள் எழுதாததால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.) கொள்ளி வைத்தவர் என்பதற்காக ஒருவருக்குப் பங்கு கூடாது. செலவுக்குப் பணம் தரவில்லை என்பதற்காக இன்னொருவருக்குக் குறையவும் குறையாது. சொத்துக்கு உரியவரைக் கொலை செய்தவருக்கு அவருடைய சொத்து கிடையாது என்று சட்டம் சொல்கிறது. சாவுச் செலவுக்குப் பங்கு தராத மகளுக்குக் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை. விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பத்திரத் தாளிலோ, "பட்டா மாற்றத்துக்கு" என்று நீட்டும் எழுதாத காகிதத்திலோ அம்மாவும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்வது பெரும்பாடு.

இனி அந்த 3,40,000. நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் ஆறு வரிகள் இருக்கின்றன. ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, நாற்காலி, மைக் செட் 28,000. அமரர் ஊர்தி, பூ அலங்காரம், தகன மேடைக் கட்டணம், மயானப் பணியாளர் கூலி 34,000. மேளமும் வெடியும் 38,000. 16-ஆம் நாள் காரியம், 500 பேர் சாப்பாடு 1,50,000. கண்ணீர் அஞ்சலி பேனர்களும் நாளிதழ் விளம்பரமும் 30,000. சமாதி கட்ட முன்பணம் 60,000.

சட்டம் "நியாயமான" என்ற ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இறந்தவரின் தகுதி, வசதி, குலவழக்கம் மூன்றையும் பார்த்து அதை முடிவு செய்வார்கள். முதல் இரண்டு வரிகளை, மொத்தம் 62,000, யாரும் மறுக்க முடியாது. ரசீது மட்டும் பாருங்கள். தகன மேடை ரசீதில் இறந்தவர் பெயரும் தேதியும் பணம் கட்டியவர் பெயரும் இருக்கும். சாமியானாக் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருந்தால் அதன் பின்பக்கம் அவரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடலாம். மேளம் உங்கள் வழக்கத்தில் உண்டென்றால் அதில் ஒரு பகுதியை ஏற்கலாம். வெடிச் செலவை வீட்டார் எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான். 16-ஆம் நாள் காரியம் அவசியமான சடங்குதான், அதை மறுப்பது வாதத்துக்கும் நிற்காது, மனசுக்கும் ஒப்பாது. ஆனால் 500 பேருக்குப் போட்ட சாப்பாடு முழுவதும் அப்பாவின் சொத்து சுமக்க வேண்டிய செலவா என்பது வேறு கேள்வி. 6 லட்சம் சேமிப்பு வைத்திருந்த ஓய்வுபெற்ற மில் தொழிலாளிக்கு அந்தச் சேமிப்பில் கால்வாசியைச் சாப்பாட்டுக்கு மட்டும் கழிப்பது அதிகம் என்றே படுகிறது. நாளிதழ் விளம்பரச் செலவை ஏற்கலாம், சந்திக்குச் சந்தி வைத்த பேனர்களின் செலவை அப்படி ஏற்க முடியாது. சமாதி இறுதிச் சடங்கில் சேராது; கட்ட விரும்புகிறவர் தம் பணத்தில் கட்டட்டும், அல்லது நால்வரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும்.

நான் உங்கள் இடத்தில் பேச உட்கார்ந்தால் 62,000, மேளத்துக்கு 20,000, 16-ஆம் நாளுக்கு 80,000, விளம்பரத்துக்கு 10,000, ஆக 1,72,000 என்று தொடங்குவேன். அண்ணன் இரண்டு லட்சம் என்று நின்றால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். நான்கு பங்கில் உங்கள் பங்குக்கு 7,000 ரூபாய்தான் வித்தியாசம். வழக்குச் செலவு அதைவிட அதிகம்.

மொய் விஷயத்துக்குத் தனிச் சட்டப்பிரிவு இல்லை. மொய் என்பது பெரும்பாலும் திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை; வாங்கியவர் நாளைக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே முழுவதையும் கழித்துவிடச் சொல்வது அண்ணனுக்கு அநியாயம், ஒன்றுமே சொல்லாமல் அவர் வைத்துக்கொள்வது உங்களுக்கும் அம்மாவுக்கும் அநியாயம். அப்பாவின் பழைய மொய் நோட்டை எடுத்து இப்போதைய நோட்டின் பக்கத்தில் வையுங்கள். அப்பா முன்பு செய்ததற்குத் திரும்பி வந்த மொய் எது என்று பெயர் பெயராகத் தெரிந்துவிடும். அது அப்பாவின் பணம். செலவில் கழிய வேண்டியது. அண்ணனுடைய நண்பர்கள், அவர் வேலை பார்க்கும் இடத்தார் போட்டது அண்ணனுடைய கணக்கு. அதேபோல உங்கள் மாமியார் வீட்டிலிருந்து வந்த கோடித் துணி, சம்பந்தி முறைக்கு நீங்கள் செய்த செலவு இவற்றை அப்பாவின் சொத்தில் கேட்காதீர்கள்.

மருத்துவமனைப் பாக்கிக்கு வருவோம். உடனே கவனிக்க வேண்டியது இதுதான். உங்கள் கணவர் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "நோயாளியின் உடன் இருப்பவர்" என்ற இடத்தில் மட்டும் கையெழுத்து இருந்தால் அவர் பணத்துக்குப் பொறுப்பாளி என்று எளிதில் சொல்லிவிட முடியாது. "கட்டணம் முழுவதையும் செலுத்தப் பொறுப்பேற்கிறேன்" என்ற வாசகத்துக்குக் கீழே இருந்தால் அவர் ஜாமீன்தாரர். மருத்துவமனை அவரை நேராகக் கேட்கலாம். பல பேர் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இந்த இடத்தில்தான். அப்படி அவர் கட்ட நேர்ந்தாலும், ஜாமீன்தாரர் முறையாகக் கட்டிய தொகையைக் கடனாளியிடமிருந்து வசூலிக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 145-ஆவது பிரிவு தருகிறது. இங்கே கடனாளி உங்கள் அப்பா. ஆகவே அவருடைய சொத்திலிருந்து. இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் ஆன செலவு என்பதால் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவின்படி சடங்குச் செலவோடு சேர்ந்து முதல் வரிசையிலேயே வரும். கட்டுவதற்கு முன், மருந்து, படுக்கை, பரிசோதனை எனப் பிரித்துக் காட்டும் பில்லைக் கேளுங்கள். அப்பா இறந்த தேதிக்குப் பிந்தைய படுக்கைக் கட்டணம், திருப்பிக் கொடுத்த மருந்து இரண்டையும் சரிபாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று: பாக்கிக்காக உடலைத் தர மறுக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது. பணம் வசூலிக்க வேண்டுமானால் வழக்குப் போடலாம், உடலைப் பிணையாக வைக்க முடியாது. மறுத்தால் அந்த இடத்திலேயே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணின் 36,000-ஐத் தள்ளிப் போடாதீர்கள். நீங்களே நேரில் அமர்த்தியவரானால், கடைசி மூன்று மாதத்துக்குள் வரும் சம்பளம் என்பதால் புரோநோட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத்தான் தர வேண்டும். ஏஜென்சி மூலம் வந்தவரென்றால், ஏஜென்சி பாக்கிக்கு இந்த முன்னுரிமை கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். கொடுக்கும்போது மாதம், தொகை குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

புரோநோட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து "மகள்தானே, நீங்களும் கட்டுங்கள்" என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: அப்பாவின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு, அவரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52-ஆவது பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. தகப்பன் கடன் மகனின் தர்மக் கடமை என்ற பழைய கொள்கையையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. அதன் பிறகு வாங்கிய கடனுக்கு அந்த ஒரே காரணத்தைச் சொல்லி மகனைக்கூடக் கேட்க முடியாது. நோட்டின் அசலைப் பாருங்கள். எழுதிய தேதியிலிருந்து, அல்லது கடைசியாக எழுத்தில் வரவு வைத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் வழக்குப் போடும் காலம் முடிந்திருக்கலாம். அது தெரியும் முன் உங்களில் யாரும் நோட்டின் பின்பக்கம் வட்டி கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது மொத்தக் கணக்கு. டெபாசிட் 6,00,000. சடங்குச் செலவு 1,72,000 போக 4,28,000. மருத்துவமனை 74,000 போக 3,54,000. சம்பளம் 36,000 போக 3,18,000. புரோநோட்டு 2,18,000 போக 1,00,000. நால்வருக்கும் ஆளுக்கு 25,000. மொய்யில் அப்பாவுக்குச் சேர வேண்டியது கழிந்தால் இது இன்னும் கொஞ்சம் கூடும். அண்ணன் செலவழித்தது அவருக்கு வந்துவிடும், யாரும் நகையை அடகு வைக்க வேண்டாம், வீடு கடன் இல்லாமல் நால்வர் பெயரிலும் நிற்கும். சொத்தே இல்லாத வீடாக இருந்தால் நிலைமை வேறு: சாமியானாக்காரரும் ஊர்திக்காரரும் யார் ஏற்பாடு செய்தாரோ அவரைத்தான் கேட்பார்கள், அவர் மற்ற உடன்பிறப்புகளிடம் வாங்க அவர்களுடைய மனசு வேண்டும், அல்லது அவர்கள் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். செலவு நடப்பதற்கு முன்னால் "நீ செய் அண்ணே, என் பங்கை நான் தர்றேன்" என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை வாக்குறுதியாகக் காட்ட முடியும். உங்கள் பழைய செய்திகளை ஒருமுறை பாருங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

நாமினி என்பதால் டெபாசிட் அண்ணனுடையது ஆகிவிடாது. வங்கி யாரிடம் பணத்தை ஒப்படைத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதற்குத்தான் நாமினி. பணத்தின் உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வங்கி டெபாசிட் பற்றிய வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. "அண்ணனுக்குக் கொடுக்காதீர்கள்" என்று நீங்கள் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்தால் வங்கி அதை ஏற்க வேண்டியதில்லை. நாமினிக்குக் கொடுக்காமல் நிறுத்த நீதிமன்ற உத்தரவு வேண்டும். அண்ணன் பணத்தை எடுத்து வேறெங்காவது போட்டுவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், கடிதம் எழுதி நாளைக் கடத்தாமல், பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடை கேட்க வழக்கறிஞரைப் பாருங்கள். பயம் இல்லையென்றால் அவரே எடுக்கட்டும், மேலே சொன்ன வரிசையில் கொடுத்துக் கணக்குக் காட்டட்டும். அது இன்னும் எளிது.

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுப்பது பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. இறுதிச் சடங்குக்காக இறந்தவரின் பொருளைக் கையாண்டால் அது உரிமையில்லாத தலையீடு ஆகாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனாலும் இறப்புக்குப் பிறகு அட்டையையோ யு.பி.ஐ.யையோ பயன்படுத்துவது வங்கி விதிக்கு மாறானது. பின்னால் உடன்பிறப்புகள் புகார் கொடுக்க அதுவே கைப்பிடி ஆகிவிடும். எடுத்துவிட்டவர்கள் எடுத்த தொகையையும் செலவு ரசீதையும் மற்ற வாரிசுகளுக்கு அன்றே அனுப்பிவிடுவது நல்லது.

முஸ்லிம் குடும்பங்களிலும் வரிசை இதேபோலத்தான்: முதலில் கஃபன் துணி, அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வசிய்யத் (உயில்), கடைசியில் பங்கீடு. வேலையில் இருக்கும்போதே இறந்தவர் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் இருந்தவரானால் இறுதிச் செலவுக்கு 15,000 வரை கிடைக்கும்; குடும்பத்தின் மூத்த உறுப்பினர் வாங்கலாம், குடும்பம் இல்லையென்றால் உண்மையில் செலவு செய்தவர் வாங்கலாம், மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. அதற்கு யாருக்கும் பணம் தராதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது நீங்களும் அக்காவும் நேரில் இருங்கள். திருமணமான மகள்களின் பெயர் விடுபடுவது அந்தக் கட்டத்தில்தான். பிறகு நால்வரும் உட்கார்ந்து, மேலே உள்ள கணக்கை ஒரே தாளில் எழுதி, ரசீதுகளின் நகலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். சாட்சியாக இருபுறமும் பேசக்கூடிய ஒரு பெரியவர் இருக்கட்டும். தாய்மாமா இருந்தால் அவரே பொருத்தம்.

அண்ணன் உட்கார மறுத்தால், உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்று கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி இலவசம். அவர்களே அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்பி அழைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. விவரம் கேட்க 15100-க்கு அழைக்கலாம். போகும்போது மருத்துவமனைப் படிவத்தின் நகல், பிரித்த பில், அண்ணன் எழுதிய அந்தக் கணக்குத் தாள் மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். அதுவரை மருத்துவமனைக்கு ஏதாவது கட்டினால் ரசீதில் பணம் கட்டியவர் என்ற இடத்தில் உங்கள் கணவர் பெயர் இருக்க வேண்டும், யாருக்காக என்ற இடத்தில் அப்பாவின் பெயரும் உள்நோயாளி எண்ணும் இருக்க வேண்டும்.